இடிந்த நகரில் இன்பச் சவாரி

பாழடைந்த ஒரு நகரைப் பார்த்து மகிழலாமா? இப்படி ஒரு கேள்வியைக் கேட்டால் பலர் சிரிப்பார்கள். ரோமாபுரியின் கொலோசியத்தையும் அநுராதபுரத்துக் கற்றூண்களையும் பார்க்க ஆண்டுதோறும் எத்தனையோ பேர் போய் வருகிறார்கள். பார்ப்பதில் என்ன பாவம் என்று கேட்டுவிட்டு அவரவர் தம் அலுவலைப் பார்க்கப் போய்விடுவார்கள். ஆனால் எம்மவர்க்கு இக்கேள்வி அத்தனை எளிதில் கழிந்துபோவதன்று. இடிந்த சுவர்களைப் பார்க்கப் போனவர்களாக மட்டுமன்றி, இடிந்த சுவர்களுக்குள் இருந்துகொண்டு பிறரால் பார்க்கப்பட்டவர்களாகவும் நாம் இருந்திருக்கிறோம்.

இத்தகைய கேள்விகளை ஆகாயத்தில் வைத்து ஆராய்வதிலும் ஓர் ஊரில் வைத்து ஆராய்வது நல்லது. தாய்லாந்திலே, பாங்கொக் நகரிலிருந்து ஏறக்குறைய 80 கிலோமீற்றர் வடக்கே அயுத்தயா என்னும் நகர் இருக்கிறது. பெயரைக் கேட்டதும் இராமாயணத்து அயோத்தி நினைவுக்கு வரும். அந்தப் பெயரைத்தான் வைத்தார்கள். 1351ஆம் ஆண்டு தொடங்கி 1767 வரை, நானூறு ஆண்டுகளுக்கு மேலாக, அது சீய தேசத்தின் தலைநகராய் விளங்கியது. சாவோ பிரயா, பாசாக், லொப்புரி என்ற மூன்று ஆறுகள் நாற்புறமும் வளைந்தோட, நகரம் நடுவே ஒரு தீவாக அமைந்திருக்கிறது. சீனரும் பாரசீகரும் யப்பானியரும் போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் பிரெஞ்சுக்காரரும் ஆற்றோரங்களில் தத்தமக்கெனக் குடியிருப்புகளை அமைத்து வாணிபம் செய்த ஊர் அது. 1767 ஏப்ரலில், ஓராண்டுக்கு மேல் நீடித்த முற்றுகையின் முடிவில், பர்மியப் படைகள் அதனைத் தீக்கிரையாக்கின. அரசு மீண்டும் அங்கே திரும்பவில்லை. தலைநகர் ஆற்றோடு கீழே இறங்கி முதலில் தொன்புரிக்கும், 1782 இல் பாங்கொக்குக்கும் போயிற்று. எஞ்சி நின்றவற்றை 1991 இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது.

அங்கே நாம் நால்வர் போயிருந்தோம். ஒருவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். அவரை எல்லோரும் மாஸ்டர் என்றே அழைப்போம். ஒருவர் முல்லைத்தீவுப் பக்கத்தவர், பேச்சுக் குறைந்தவர். மற்றவர் கொழும்பில் வங்கியொன்றிலே வேலைபார்க்கும் இளைஞர். ரயில் நிலையத்துக்கு எதிரே நான்கு சைக்கிள்களை வாடகைக்கு எடுத்து, அவற்றையும் ஏற்றிக்கொண்டு சிறிய படகிலே பாசாக் ஆற்றைக் கடந்து தீவுக்குள் இறங்கினோம். மேடு பள்ளம் அற்ற நிலம். கிழக்கு மேற்காக நான்கு கிலோமீற்றர் அளவுதான். வெயில் மட்டும் எமது ஊர் வெயிலுக்குச் சற்றும் இளைத்ததன்று.

யாழ்ப்பாணத்தவனுக்குச் சைக்கிளின் அருமையைச் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. தொண்ணூறுகளில் பெற்றோல் கிடையாத காலத்தில் அதுவே எமக்குக் காராகவும் லொறியாகவும் நோயாளியை ஏற்றும் வண்டியாகவும் உழைத்தது. பஸ்ஸில் வரும் பயணிகளுக்கு வழிகாட்டி நிறுத்தும் இடம் மாத்திரமே நகரம், இடையிலே நித்திரை. சைக்கிளில் போகிறவனுக்கோ அந்த இடைவெளிதான் நகரம். பள்ளிக்கூட மதிலுக்கு அப்பால் ஒரு தாதுகோபுரம் சாய்ந்து நிற்கும். தேநீர்க் கடையின் பின்புறத்தில் முறிந்த தூண் ஒன்றிலே பூனை படுத்திருக்கும். இடிந்த நகரத்துக்குள் இன்றும் சனங்கள் குடியிருக்கிறார்கள், சமைக்கிறார்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புகிறார்கள் என்பது அப்போதுதான் புரியும். நண்பர்களோடு போவதில் இன்னொரு நன்மையும் உண்டு. தனியே போகிறவன் தான் நினைத்ததையே பார்த்துவிட்டு வருவான். கூட ஒருவர் வந்தால், நாம் கடந்துபோன இடத்தில் அவர் காலை ஊன்றி நிற்பார்.

வாட் மகாதாத் என்ற விகாரையின் இடிபாடுகளில், ஆலமர இனத்து மரம் ஒன்றின் வேர்கள் பின்னிப் பிணைந்து புத்தர் சிலையின் தலையொன்றைத் தாங்கியிருக்கின்றன. உடல் இல்லை, முகம் மாத்திரம் வேர்களுக்கு நடுவே அமைதியாக இருக்கிறது. தலை நிலத்தோடு ஒட்டியிருப்பதால், படமெடுக்க விரும்புவோர் அதற்கு மேலாக நிற்காமல் குந்தியிருந்தே எடுக்க வேண்டும் என்று அங்கே கேட்டுக்கொள்கிறார்கள். சற்றுத் தள்ளி வரிசை வரிசையாகத் தலையற்ற சிலைகள். அவற்றின் கழுத்துக்குப் பின்னே தம் தலையை வைத்துப் படம் பிடிக்க வேண்டாம் என்று அறிவித்தலும் உண்டு. அப்படி ஓர் அறிவித்தல் வைக்க நேர்ந்தது என்றால், அப்படிச் செய்தவர்கள் இருந்தார்கள் என்பதுதானே பொருள்.

முழங்காலுக்கு இடப்பட்ட அந்தக் கட்டளை எனக்கு நல்லதாகவே பட்டது. உள்ளத்தில் மரியாதை கொள் என்று யாரும் யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. குந்தியிரு என்று சொல்லலாம். குந்தியிருந்தால் அந்த முகம் நமது முகத்துக்கு நேரே வரும்; பிறகு நடப்பது அவரவர் மனத்தைப் பொறுத்தது.

அங்கேதான் எமது முல்லைத்தீவு நண்பர் வாய் திறந்தார். 2009க்குப் பிறகு பாதை திறந்தபோது தெற்கிலிருந்து பஸ் பஸ்ஸாகச் சனங்கள் வடக்கைப் பார்க்க வந்ததை நாம் அனைவரும் அறிவோம். கிளிநொச்சியில் வீழ்ந்து கிடந்த தண்ணீர்த் தாங்கி அந்நாளில் பார்வையிடும் இடங்களுள் ஒன்றாயிற்று. நண்பர் முகாமிலிருந்து ஊருக்குத் திரும்பி, கூரையில்லாத தம் வீட்டு முற்றத்தில் தறப்பாள் கட்டி இருந்த நாட்களில், வீதியில் ஒரு பஸ் நின்றதாம். இறங்கியவர்கள் வீட்டுச் சுவரில் இருந்த துளைகளைக் காட்டிக் கதைத்தார்கள். சுவருக்கு முன்னால் நின்று படம் எடுத்தார்கள்.

“கூடாத ஆக்கள் எண்டு சொல்லமாட்டன்” என்றார் அவர். “பிள்ளையளுக்கு பிஸ்கற்றும் தந்தவை. சிரிச்சதும் எனக்குக் கோவமில்லை. பயணம் வந்தவை சிரிக்கத்தானே வேணும். ஆனா இந்த வீட்டிலை ஆர் இருந்தது எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை. நான் அதிலைதான் நிண்டனான்.”

மாஸ்டர் சற்று யோசித்துவிட்டு, “அது நேற்று நடந்தது. இது இருநூற்றைம்பது வருசத்துக்கு முந்தினது. நோவுக்கும் ஒரு முடிவு இருக்குத்தானே?” என்றார். வங்கித் தம்பியும் அதை ஆமோதித்தார். நோவுபட்டவர்கள் இல்லை, அவர்களுடைய பிள்ளைகளின் பிள்ளைகளும் இல்லை, பின் யாருக்காக முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு சைக்கிள் ஓடுவது என்பது அவருடைய வாதம்.

இந்த வாதத்தை இலகுவாகத் தள்ளிவிட முடியாது. 1767 இல் மாண்டவர்களுக்காக நாம் கண்ணீர் வடித்தால் அது பொய்க் கண்ணீராகத்தான் இருக்கும். பொய்த் துக்கம் இறந்தவர்களுக்குச் செய்யும் மரியாதையன்று. காலம் துக்கத்தைத் தணிக்கிறது. தணியாவிட்டால் மனிதகுலம் வாழவே முடியாது. ஆதலால் இடிந்த நகரில் நண்பர்களோடு சிரித்துப் பேசிச் சைக்கிள் ஓட்டுவதில், ஆற்றங்கரையில் நூடில்ஸ் வாங்கி உண்பதில், மாலை வெயில் செங்கற்களில் படும் அழகை இரசிப்பதில் குற்றமேதும் இருப்பதாக நான் நினைக்கவில்லை. ஆனால் முல்லைத்தீவு நண்பர் கேட்டது துக்கத்தை அன்று. அவர் எதிர்பார்த்தது ஒரு கேள்வியை. இங்கே யார் இருந்தார்கள், என்ன நடந்தது என்று அறிய விரும்புவது வேறு கடன். அந்தக் கடனைக் காலம் தள்ளுபடி செய்வதாக எனக்குத் தோன்றவில்லை. சொல்லப்போனால், சொல்வதற்கு ஆள் இல்லாமற் போகப் போக அந்தக் கடன் கூடுகிறது. வீட்டுக்காரர் முற்றத்தில் நின்றபோது கேட்பதற்கு ஒரு நிமிடம் போதும். அவர் போன பின்பு தேடிப் படிக்க வேண்டியிருக்கும்.

தேடிப் படித்தாலோ, வேறு சங்கடங்கள் வருகின்றன. தலையற்ற சிலைகளைக் கண்டவுடன் பர்மியரைத் திட்டிவிட்டுப் போவது எளிது. அவர்கள் அழித்தது உண்மை. அரசமாளிகையோடு சேர்ந்த வாட் பிரா சி சன்பெத் விகாரையில் நின்ற, 16 மீற்றர் உயரமான, பொன் போர்த்திய புத்தர் சிலையை நெருப்பிட்டு உருக்கிப் பொன்னைக் கொண்டுபோனார்கள். ஆனால் தலைகள் எல்லாவற்றையும் அவர்கள் கொய்யவில்லை. பிற்காலத்தில் பழம்பொருள் வியாபாரத்துக்காகக் களவாக வெட்டப்பட்டவை பல. வாட் ராட்சபுரண விகாரையின் நிலவறையை 1957 இல் உடைத்துப் பொன் ஆபரணங்களை அள்ளியவர்களும் வெளிநாட்டுப் படையினர் அல்லர். திருடர்களிடமிருந்து மீட்கப்பட்ட ஒரு பகுதியையும், பின்னர் அதிகாரிகள் தோண்டி எடுத்தவற்றையும் 1961 இல் திறக்கப்பட்ட நூதனசாலையில் இன்றும் பார்க்கலாம். பாங்கொக்கின் மதில்களைக் கட்ட அயுத்தயாவின் இடிந்த சுவர்களிலிருந்தே செங்கல்லைப் படகுகளில் ஏற்றிச் சென்றார்கள். எதிரி இடித்ததை உள்ளூரார் பிரித்தெடுத்தார்கள். எமது ஊர்களிலும், சனம் இடம்பெயர்ந்து போன வீடுகளின் கதவுநிலைகளும் ஓடுகளும் எப்படிப் போயின என்பதைத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். அதை விரித்துச் சொல்ல நான் விரும்பவில்லை.

அந்த வாட் ராட்சபுரண விகாரைக்கு ஒரு கதை உண்டு. 1424 இல் அரசன் இறந்தபோது மூத்த புதல்வர் இருவரும் அரியணைக்காக யானை மேலிருந்து பொருதி, இருவரும் மாண்டார்கள். மூன்றாம் புதல்வர் அரசராகி, அண்ணன்மார் இருவரையும் தகனம் செய்த இடத்தில் இந்த விகாரையை எழுப்பினார். உருக்கமான கதைதான். ஆனால் அதே அரசரின் படையே 1431 இல் கம்போடியாவின் அங்கோர் நகரைப் பிடித்துக் கொள்ளையிட்டது. அங்கோரிலிருந்து கொண்டுவந்த வெண்கலச் சிலைகளை அடுத்த நூற்றாண்டில் பர்மியர் பெகு நகருக்குக் கொண்டுபோயினர். பெகுவிலிருந்து அரக்கான் அரசன் எடுத்துச் சென்றான். அரக்கானை 1784 இல் வென்ற பர்மிய அரசன் அவற்றை மீண்டும் தன்னூருக்கு எடுத்து வந்தான். எஞ்சிய சில இன்று மண்டலேயில் மகாமுனி ஆலயத்தில் இருக்கின்றன. தமக்கு நோவுள்ள உறுப்பு எதுவோ, சிலையில் அந்த உறுப்பைத் தடவினால் நோய் தீரும் என்று நம்பி மக்கள் அவற்றைத் தேய்த்துத் தேய்த்து மினுங்க வைத்திருக்கிறார்கள்.

இதையெல்லாம் மாஸ்டர் சொல்லக் கேட்ட தம்பி, “அப்ப அவை செய்ததுக்குத்தானே அவைக்குக் கிடைச்சது?” என்றார். இந்தக் கணக்கை நாம் மிக விரைவாகப் போட்டுவிடுகிறோம். அங்கோரைக் கொள்ளையிட்ட படைக்கும், மூன்று நூற்றாண்டுகளுக்கு மேலான பின்பு முற்றுகைக்குள் அகப்பட்டுப் பசியால் வாடிய தாய்க்கும் என்ன வழக்கு? குற்றமே செய்யாத நகரத்துக்குத்தான் இரங்குவேன் என்று ஒருவன் புறப்பட்டால் அவன் உலகத்தில் எந்த நகரத்துக்கும் இரங்கப்போவதில்லை. எருசலேமைப் பார்த்து ஆண்டவர் அழுதபோது அது இறைவாக்கினரைக் கொன்ற நகர் என்பதை மறந்து அழவில்லை. அழிந்தவர்கள் அழித்தவர்களாகவும் இருந்தார்கள் என்பதை மறைக்காமலே அவர்களுக்காக இரங்க முடியும். எமது சொந்த வரலாற்றை எமது பிள்ளைகளுக்குச் சொல்லும்போதும் இந்த அளவுகோல்தான் வேண்டும் என்பது என் எண்ணம். இதைச் சிலர் விரும்பமாட்டார்கள்.

பிற்பகலில் தீவை விட்டுத் தெற்கே பாலத்தைக் கடந்து, சாவோ பிரயாவின் மேற்குக் கரையோரமாகப் போர்த்துக்கேயக் குடியிருப்பு இருந்த இடத்துக்குப் போனோம். மலாக்காவைப் பிடித்த 1511ஆம் ஆண்டிலேயே போர்த்துக்கேயத் தூதர் அயுத்தயாவுக்கு வந்துவிட்டார். 16ஆம் நூற்றாண்டிலேயே தொமினிக்கன் சபைக் குருக்களும் வந்தார்கள். அவர்களுடைய ஆலயத்தின் அத்திவாரம் 1984 இல் அகழ்ந்தெடுக்கப்பட்டபோது இருநூறுக்கும் மேற்பட்ட மனித எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. அவற்றுட் சிலவற்றைக் குழியில் கிடந்தபடியே விட்டு, மேலே கூரையிட்டு, சுற்றி நின்று பார்க்க வைத்திருக்கிறார்கள்.

அங்கே எமது பேச்சு நின்றுவிட்டது. அவர்கள் கத்தோலிக்கர். ஞானஸ்நானம் பெற்று, அதே நம்பிக்கையில் மரித்து, கோவிலடிச் சேமக்காலையில் கிடத்தப்பட்டவர்கள். மாஸ்டர் தொப்பியைக் கழற்றினார். நால்வரும் பரலோக மந்திரமும் அருள்நிறை மந்திரமும் சொன்னோம். எமது எலும்புகள் என்றவுடன் கை தானாகவே சிலுவை வரைகிறது. இயல்பான காரியம்தான். ஆயினும் ஒருவன் தன்னவர்களின் குழியருகே மட்டும் தொப்பியைக் கழற்றுகிறவனாக இருந்தால், மற்ற இடங்களில் அவன் சுவர்களை மாத்திரமே பார்த்துவிட்டு வந்திருக்கிறான்.

வெளியே வந்த பிறகு ஒரு விவாதம். இறந்தவர்களை இப்படித் திறந்து வைக்கலாமா? மூடிப் புதைத்து ஒரு சிலுவையை நடுவதுதானே முறை என்றார் தம்பி. மூடினால் இங்கே இப்படி ஒரு திருச்சபை இருந்தது என்று எவருக்குத் தெரியும் என்றார் மாஸ்டர். கோவாவில் புனித சவேரியாரின் திருவுடலைப் பத்தாண்டுக்கு ஒருமுறை நாமே திறந்து வைக்கிறோம், ரோமையில் கப்புச்சின் துறவிகளின் எலும்புகளைக் கொண்டு சுவரையே அலங்கரித்திருக்கிறார்கள் என்றும் நினைவூட்டினார். நியாயந்தான். ஆனால் சவேரியாருக்குப் பெயர் இருக்கிறது. பார்க்கப் போகிறவர்கள் அவரிடம் ஒன்றைக் கேட்கப் போகிறார்கள். பெயரற்றவர்களைத் திறந்து வைப்பதில் எனக்குச் சம்மதம் குறைவு. ஓரிரண்டைத் தவிர மற்றவற்றை மூடலாம் என்றே சொல்லுவேன்.

முல்லைத்தீவு நண்பர் இரு பக்கமும் சேரவில்லை. சைக்கிள் பூட்டைத் திறந்தபடி, “இவையளுக்கு எலும்பாவது இருக்கு” என்றார். யாரை நினைத்துச் சொன்னார் என்று நாம் கேட்கவில்லை, எமக்குத் தெரியும்.

அந்தக் குடியிருப்பின் சந்ததி அற்றுப்போகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். நகர் எரிந்தபோது தப்பியவர்கள் ஆற்றோடு தொன்புரிக்குப் போனார்கள். தக்சின் மன்னர் 1769 இல் அவர்களுக்கு அங்கே நிலம் கொடுத்தார். திருச்சிலுவை மகிமையின் திருநாளாகிய செப்ரெம்பர் 14ஆம் திகதி அது கிடைத்தபடியால் ஆலயத்துக்கு சாந்த குரூஸ் என்று பெயரிட்டார்கள். பாங்கொக்கில் அந்த ஆலயத்தைச் சுற்றியுள்ள வீடுகளில், போர்த்துக்கேய முன்னோரிடமிருந்து வந்ததென்று சொல்லப்படும் ஒருவகைக் கேக்கை இன்றும் சுடுகிறார்கள். முட்டையும் மாவும் சீனியும் சேர்த்து, மேலே முந்திரிகை வத்தல் வைத்தது. நன்றாகவே இருக்கிறது.

ஆற்றோரமாகவே மேற்கே போனால் புனித சூசையப்பர் ஆலயம். 1662 இல் வந்து சேர்ந்த மேற்றிராணியார் லம்பேர்ட் டி லா மோத்தும் அவருடன் உழைத்த பிரெஞ்சுக் குருக்களும், நாராய் மன்னர் கொடுத்த நிலத்தில் அமைத்த பணித்தளம் அது. 1767 இல் அதுவும் எரிந்தது. இப்போது நிற்பது 19ஆம் நூற்றாண்டிலே திரும்பக் கட்டியது, பூசை நடக்கிறது. அவர்களை ஆசியாவுக்கு அனுப்பும்போது, 1659 இல், உரோமாபுரி ஒரு கட்டளை கொடுத்திருந்தது. விசுவாசத்துக்கும் நல்லொழுக்கத்துக்கும் வெளிப்படையாக முரணாகாத எந்த வழக்கத்தையும் மாற்றும்படி அந்நாட்டு மக்களை வற்புறுத்தாதீர்கள், உங்கள் ஐரோப்பாவை அங்கே சுமந்துகொண்டு போகாதீர்கள் என்பது அதன் சாரம். வழக்கம்போல, எழுதியதெல்லாம் நடந்ததென்று சொல்ல முடியாது. ஆனாலும் பிறர் ஊருக்குள் எப்படி நுழைவது என்ற கேள்வி அக்காலத்தவர்க்கும் இருந்திருக்கிறது.

கடைசியாக நாம் போனது வாட் தம்மாராம் என்ற விகாரைக்கு. இது இடிபாடன்று, பிக்குகள் வாழ்கிறார்கள். கண்டியரசன் கீர்த்தி சிறீ இராசசிங்கன் கேட்டுக்கொண்டபடி, இலங்கையில் அற்றுப்போயிருந்த உபசம்பதாவை மீண்டும் வழங்க 1753 இல் வந்த உபாலி தேரர் இந்த விகாரையைச் சேர்ந்தவர். ஒல்லாந்தரின் கப்பல் உதவியுடன் வந்து, திருகோணமலையிலே இறங்கி, அங்கிருந்து கண்டிக்குப் போனார். 1756 இல் கண்டியிலேயே காலமானார். சீயம் நிக்காய என்ற பெயர் அப்படி வந்தது. அவரை அனுப்பிய நகரம் அடுத்த பதினான்கு ஆண்டுகளுக்குள் எரிந்து போயிற்று.

முற்றத்தைப் பெருக்கிக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் நாம் எவ்விடத்தவர் என்று சைகையாற் கேட்டார். “லங்கா” என்றவுடன் முகம் மலர்ந்து, துடைப்பத்தைச் சாத்திவிட்டு, உபாலி தேரரின் சிலைக்கு அழைத்துப் போனார். எம்மைப் பௌத்தர்கள் என்று எண்ணிவிட்டார் என்பது தெரிந்தது. மாஸ்டர் தம் கழுத்திலிருந்த சிலுவையை வெளியே எடுத்துக் காட்டினார். முதியவர் அதைப் பார்த்துத் தலையசைத்து, ஆற்றோடு தெற்கே, சூசையப்பர் ஆலயம் இருந்த திசையைக் கையாற் காட்டினார். பிறகு உள்ளே போய் நான்கு போத்தல் தண்ணீர் கொண்டுவந்து தந்தார். முல்லைத்தீவு நண்பர் தண்ணீரைக் குடித்துவிட்டு, வளவின் ஓரத்தில் கிடந்த பழைய செங்கல் அடுக்கொன்றைக் காட்டி, அது என்ன, யார் கட்டியது என்று கையாலும் கண்ணாலும் விசாரித்தார். முதியவர் துடைப்பத்தை மறந்தே போனார். அவர் தாய் மொழியில் விபரிக்க, இவர் வன்னித் தமிழில் மறுகேள்வி கேட்க, படகுக்கு நேரமாகிவிட்டது என்று தம்பி மூன்றாம் முறையும் மணியை அடித்தார்.